தாய்மரம் எத்தனை?

ஒரு கன்றை வளர்த்து மரமாக்குவது ஒரு வேலை. அந்த மரத்தின் குலம் தழைக்கும்படி பார்த்துக்கொள்வது அதைவிடப் பெரிய வேலை. முதல் வேலைக்குத் தண்ணீர், எரு, நிழல் இருந்தால் போதும். இரண்டாவது வேலைக்கு இன்னும் பல விஷயம் தெரிய வேண்டும்: அந்த மரம் எப்படிப் பூக்கிறது, மகரந்தத்தை எது சுமந்து வருகிறது, பழத்தை எந்தப் பறவை தின்கிறது, விதை எத்தனை நாள் உயிரோடு கிடக்கும். நாற்றங்கால் தொழிலிலேயே வயதான நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஓர் இனம் பல்கிப் பெருகுவதிலும் அடியோடு அற்றுப்போவதிலும் அதன் பூவுக்கும் விதைக்கும் பெரும் பங்கு இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் இதைப் பல லட்சம் ஆண்டுக் கணக்கில் பேசுகிறார்கள். நாங்கள் இதைப் பாலிதீன் பையிலும் தாய்ப்பாத்தியிலும் பார்க்கிறோம்.

எங்கள் ஊர் மேல்பட்டாம்பாக்கம். நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவில் இருக்கும் பேரூர். வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம். கிழக்கே போனால் கரும்பும் வெற்றிலைக் கொடிக்காலும். மேற்கே பண்ருட்டிச் செம்மண்ணில் பலாவும் முந்திரியும். பண்ருட்டி தாண்டித் தெற்கே போனால் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம். அதனால் எங்களிடம் கன்று வாங்க வருகிறவர்களும் பல தினுசு. சவுக்கு நாற்றுக்குக் கடலோர விவசாயி வருவார். ஒட்டுப் பலாவுக்குத் தோட்டக்காரர் வருவார். சுரங்க மண்மேட்டில் நடுவதற்கு வேம்பும் புங்கனும் நாவலும் ஆயிரக்கணக்கில் கேட்டு ஒப்பந்தக்காரர் வருவார். கோயில் நிலத்தில் பழைய காட்டு மரங்களை வைக்க வேண்டும் என்று சில இளைஞர்கள் வருவார்கள். இந்தக் கடைசிக் கூட்டத்துக்குக் கன்று கொடுப்பதில்தான் நான் தொழிலின் உள்ளே போனேன்.

எனக்குக் கையைப் பிடித்துத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருவர் இருந்தார். விதை பொறுக்கக் கிளம்பும்போதெல்லாம் அவர் ஒன்றையே சொல்வார்: "காய்க்கிற காலத்துல போயி மரத்தப் பாக்காதடா. பூக்கிற காலத்துல போயிப் பாரு. அப்பதான் அது யாருன்னு தெரியும்." அன்றைக்கு அதை ஒரு பழைய ஆளின் பேச்சாகத்தான் கேட்டுக்கொண்டேன். இன்று எங்கள் நாற்றங்காலில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் பாடமாக அதையே சொல்கிறேன்.

ஆண் மரமும் பெண் மரமும்

கெடிலக் கரையில் திருமாணிகுழி இருக்கிறது. தேவாரப் பாடல் பெற்ற தலம். அங்கே ஒரு கோயில் காடு உண்டு. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி ஒரு காலத்தில் பரந்து கிடந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. இந்த வகைக் காடு இப்போது பெரும்பாலும் ஐயனார் கோயிலையும் அம்மன் கோயிலையும் சுற்றித்தான் துண்டு துண்டாக உயிரோடிருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பார்த்தசாரதியும் கார்த்திகேயனும் திருமாணிகுழிக் காட்டையும், இதே கடலூர் மாவட்டத்துக் குழந்தைக்குப்பம் காட்டையும் மரம் மரமாகக் கணக்கெடுத்து 1997ல் வெளியிட்டார்கள். அதன்பின் இந்தக் காடுகளின் பூக்கும் காலம், காய்க்கும் காலம், மகரந்தச் சேர்க்கை, விதைப் பரவல் என்று தனித்தனியாக ஆய்வுகள் வந்தன. எங்களைப் போன்ற கன்று வளர்ப்பவர்களுக்கு அவை வேலைக்கான பஞ்சாங்கம்.

இந்தக் காட்டு மரங்களின் பூ பெரும்பாலும் கண்ணைப் பறிக்காது. சின்னதாக, வெளுப்பாகவோ பச்சை கலந்த மஞ்சளாகவோ இருக்கும். தேனீயும் சின்னச் சின்னப் பூச்சிகளும் வந்து போகும். பழம் சதைப்பற்றோடு இருக்கும், பறவை தின்னும். வீரை, கருங்காலி, காசான், பாலை, குருந்து, நாவல் என்று சொல்லிக்கொண்டே போகலாம். இதில் வீரையும் கருங்காலியும் கவனமாகக் கையாள வேண்டியவை. வீரையில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. கருங்காலியிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆண் பூ கொத்தாக வரும், பெண் பூ தனித்து நிற்கும்.

ஊரில் ஒரு வழக்கம் உண்டு. காய்க்காத மரத்தை மலட்டு மரம் என்று சொல்லிவிடுவார்கள். விறகுக்கு ஆள் வந்தால் முதலில் அதைத்தான் கைகாட்டுவார்கள். ஒரு கோயில் காட்டில் பூசாரி என்னிடம் ஒரு பெரிய வீரையைக் காட்டி, "இது எங்க தாத்தா காலத்திலேருந்து ஒரு பழம் குடுத்ததில்ல தம்பி, எடுத்துட்டு வேற எதுனா வைக்கலாமா?" என்று கேட்டார். பூக்கும் பருவத்தில் திரும்பப் போய் ஒரு கொப்பை ஒடித்து அவர் கையில் கொடுத்து, மகரந்தப் பொடியைக் காட்டினேன். அந்தக் காட்டில் பழம் கொடுக்கும் வீரைகளுக்கெல்லாம் தகப்பன் இதுவாகக்கூட இருக்கலாம், இது போனால் மற்றவையும் பொட்டு விதை இல்லாமல் நிற்கும் என்று சொன்னேன். மரம் இன்றும் நிற்கிறது.

பனை விஷயம் எல்லோருக்கும் தெரிந்தது. ஆண் பனை அலகுப்பனை, பெண் பனை பருவப்பனை. இரண்டிலும் பதநீர் இறங்கும், நுங்கு பெண் பனையில் மட்டும். பனங்கொட்டையை ஊன்றினால் பூ விடும்வரை, அதாவது பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல், அது ஆணா பெண்ணா என்று தெரியாது. ஏரிக்கரையில் நட வருகிறவர்களிடம் நான் சொல்வது: ஒற்றையாக ஊன்றாதீர்கள், கூட்டமாக ஊன்றுங்கள். செங்கல் சூளைக்கு வெட்டுகிறபோது நுங்கு தராத பனையாகப் பார்த்து வெட்டினால் மிச்சப் பனைக்கும் கேடு.

பூக்கும் தாவர இனங்களில் ஏறக்குறைய 6 விழுக்காடுதான் இப்படி ஆண் தனி, பெண் தனி. மற்றவற்றில் பெரும்பாலானவை ஒரே பூவிலேயே இரண்டும் கொண்டவை. ஆண் பெண் பிரிந்த வழக்கம் ஓர் இனத்தை வாழவைக்குமா, அழிக்குமா? 2000ல் ஹெயில்புத் என்ற ஆய்வாளர், இப்படிப் பிரிந்த குலங்களில் இனங்களின் எண்ணிக்கை குறைவு என்று கண்டார். காரணமும் புரிந்துகொள்ளக்கூடியதுதான். பாதி மரம்தான் விதை தரும். பூச்சி குறைந்துபோனால், பூ அதிகம் உள்ள ஆண் மரத்திலேயே அது நின்றுவிடும், பெண் மரம் காத்துக் கிடக்கும். ஆனால் 2014ல் கணக்கைத் திருத்திப் பார்த்தவர்களுக்கு நேர் எதிரான விடை கிடைத்தது. 2016ல் பல பேரினங்களை ஒருசேர எடுத்துப் பார்த்த ஆய்வு, ஒரே திசையில் எந்தப் போக்கும் இல்லை என்று முடித்தது. இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இல்லை. பிரிந்த வழக்கம் தன்னளவில் சாபமில்லை. கூட்டம் சிறுத்துப்போகும்போது அது ஆபத்தாகிறது. கோயில் காடுகளில் நான் பார்ப்பதும் அதுதான்.

கூட்டம் ஒன்றாகச் சிறுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் ஒரு சாட்சி இருக்கிறது. 1895ல் ஜான் மெட்லி வுட் என்பவர் நடால் பகுதியில் ங்கோயே காட்டின் ஓரத்தில் ஓர் ஈந்து வகைச் செடியைக் கண்டார். சைக்கஸ் போன்றது, ஆண் செடி. அவர் பெயராலேயே என்செஃபலார்டோஸ் வுடியை என்று அழைக்கிறார்கள். அதற்குப் பெண் செடி இன்றுவரை அகப்படவில்லை. உலகத் தாவரவியல் பூங்காக்களில் நிற்பவை எல்லாம் அந்த ஒரே ஆணிலிருந்து பிரித்து வைத்த பக்கக் கன்றுகள். செடிகள் நன்றாகவே இருக்கின்றன, குலம் முடிந்துவிட்டது.

தனக்குத் தானே போதும் என்றிருப்பவை

பக்கத்தில் பாலூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாலூர் 1 கத்தரி அங்கிருந்து வந்ததுதான். கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்று விடுகிறவனுக்கு ஒரு நிம்மதி உண்டு. இவற்றின் பூ தன் மகரந்தத்தாலேயே பெரும்பாலும் காய் பிடித்துவிடும். தேனீ வந்தால் நல்லது, வராவிட்டாலும் பயிர் நிற்காது. நல்ல காயாக ஒன்றைப் பழுக்கவிட்டு விதை எடுத்தால் பெரும்பாலும் தாயைப் போலவே பிள்ளை வரும்.

பலா இதற்கு நேர் எதிர். ஒரே மரத்தில் ஆண் கதிரும் பெண் கதிரும் தனித்தனியாக வரும், மகரந்தம் பெரும்பாலும் வேற்று மரத்திலிருந்து வந்து சேரும். அதனால் ஒரு பழத்துச் சுளைக் கொட்டைகளை வரிசையாக ஊன்றினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நிற்கும். ஒன்று தேன், ஒன்று சப்பை, ஒன்று சடை மிகுந்தது. பண்ருட்டியில் இத்தனை தினுசுப் பலா இருப்பதற்கு இதுதான் வேர். பணிக்கன்குப்பத்து மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒட்டுக் கட்டிப் பாலூர் 1 பலா என்று வெளியிட முடிந்ததும் இந்த வேறுபாடு இருந்ததால்தான். எல்லா மரமும் ஒன்றுபோலிருந்தால் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?

அமெரிக்கத் தாவரவியலாளர் லெட்யார்ட் ஸ்டெபின்ஸ் 1957ல் எழுதினார்: தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் வழக்கம் பரிணாமத்தில் ஒரு முட்டுச்சந்து. இன்றைக்குச் சவுகரியம், போகப் போக வழியில்லை. இதைக் கணக்குப் போட்டுச் சரிபார்க்க அரை நூற்றாண்டு ஆனது. எடுத்துக்கொண்டதும் நம் கத்தரிக் குடும்பத்தைத்தான். கத்தரி, தக்காளி, உருளை, மிளகாய், புகையிலை, தூதுவளை, சுண்டை எல்லாம் அடங்கிய குடும்பம். இதில் சில இனங்கள் தன் மகரந்தத்தைத் தானே அடையாளம் கண்டு, சூல்வரை போகவிடாமல் தடுத்துவிடும். சில இனங்கள் அந்தத் தடையை இழந்தவை. இழந்துவிட்டால் இழந்ததுதான், திரும்பப் பெற்றதற்கு இந்தக் குடும்பத்தில் சான்று இல்லை.

ஆய்வாளர்கள் எம்மா கோல்ட்பெர்க், போரிஸ் இகிச் முதலியோர் 2010ல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட முடிவை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தடையை இழந்த குலங்களில் புது இனங்கள் அதிக வேகத்தில் பிறக்கின்றன. ஒரே விதை எங்கோ போய் விழுந்தாலும் துணையில்லாமல் அங்கே குடும்பம் வைக்கிறது, பழைய கூட்டத்தோடு கலப்பு அற்றுப்போகிறது, சீக்கிரம் வேறு இனமாகிறது. ஆனால் அதே குலங்களில் அழிவு அதைவிட வேகமாக நடக்கிறது. பிறப்பிலிருந்து அழிவைக் கழித்துப் பார்த்தால் மிச்சம் நட்டம். தடையைக் காத்துக்கொண்ட குலங்களில் பிறப்பு மெதுவானாலும் இழப்பு அதனினும் குறைவு, அதனால் நீண்ட ஓட்டத்தில் அவையே பெருகுகின்றன. தனி ஒரு செடிக்கு நன்மையாக இருப்பது அதன் குலத்துக்குத் தீமையாக முடியலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

குச்சியில் பிறந்தவை

எங்கள் பகுதியே கரும்பால் வாழ்ந்தது. நெல்லிக்குப்பம் ஆலையின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாங்கள். கரும்பை விதைத்து யாரும் பார்த்ததில்லை. கரணை நடுவோம். ஒரு வயலில் நிற்பதெல்லாம் ஒரே செடியின் பிரதி. கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த கோ.க. 671 சர்க்கரைச் சத்தில் பேர் போனது. விவசாயியும் ஆலையும் கொண்டாடினார்கள். பிறகு செவ்வழுகல் நோய் வந்தது. ஒரு தூரில் புகுந்த பூஞ்சைக்கு அடுத்த தூரும் அதே பூட்டு, அதே சாவி. தோகை காய்ந்து, கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவப்பும் இடையிடையே வெள்ளைத் திட்டும். எங்கள் ஊரில் அந்தப் புளிப்பு வாடையை மறந்தவர்கள் இல்லை.

அதற்கு வெகுகாலம் முன்பே கரும்புக்கு மறுவாழ்வு கொடுத்தது பூதான். 1912ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. அங்கே கரும்பு நன்றாகப் பூக்கும். அங்கிருந்த ஆய்வாளர்கள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் இனிப்புக் கரும்போடு அதன் காட்டு உறவான ஆற்றங்கரைப் பேய்க்கரும்பைக் கலந்து 1918ல் கோ 205 என்ற இரகத்தைக் கொண்டுவந்தார்கள். ஒன்றுக்கும் உதவாத புல் என்று நாம் ஒதுக்கியது இந்தியக் கரும்பின் முதுகெலும்பானது. 1930களில் அதே நிலையத்தில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தார். குரோமோசோம் தொகுதி இரட்டித்தால் ஒரே தலைமுறையில் புது இனம் பிறந்துவிடலாம் என்பது இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அப்படிப் பிறந்த செடிக்கு உடனே துணை கிடைக்காது. தன் மகரந்தத்தாலோ, கிழங்காலோ, தூராலோ பெருகத் தெரிந்ததுதான் அந்த முதல் சில தலைமுறையைத் தாண்டும். தனித்து வாழும் திறமை எங்கே உதவும், எங்கே கெடுக்கும் என்பதற்குக் கரும்பு ஒன்றே போதும்.

சவுக்கிலும் இதே கதை. தாய்லாந்திலிருந்து 1950களில் வந்த ஜங்குனியானா சவுக்கு ஓர் ஆண் கலப்பினத்தின் குச்சி நாற்று. விதை கிடையாது. எங்கள் நாற்றங்காலிலும் நுனிக்குச்சி நட்டு வளர்ப்போம், நேராக வளரும், விவசாயிக்கு லாபம். காகித ஆலைக்குப் போகும் மரத்துக்கு இந்த முறை தகும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் காடு வைக்கக் கன்று கேட்டு வருகிறவருக்குக் குச்சி நாற்றைக் கொடுக்க என் மனம் ஒப்புவதில்லை. ஒரே ஆலமரத்தின் போத்தை நூறு இடத்தில் ஊன்றினால் நமக்கு நூறு மரம். இயற்கையின் கணக்கில் ஒன்றுதான்.

தூது போகிறவர்கள்

ஆலுக்கும் அரசுக்கும் அத்திக்கும் பூ எங்கே என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள். காயைப் பிளந்து காட்டுவேன். பூ உள்ளேதான் இருக்கிறது. பெரும்பாலும் ஒவ்வோர் அத்தி இனத்துக்கும் அதற்கென்றே ஒரு சிறு குளவி. அது நுனித் துளை வழியே நுழைந்து மகரந்தம் வைத்து, உள்ளேயே முட்டையிட்டுச் சாகும். வெளியே வரும் அடுத்த தலைமுறைப் பெண் குளவிக்கு ஆயுள் ஓரிரு நாள். அதற்குள் காய் பிடிக்கும் பக்குவத்தில் இன்னொரு மரம் அகப்பட வேண்டும். ஆற்றங்கரையில் நிற்கும் பேயத்தியில் இன்னும் நுட்பம்: ஒரு மரத்துக் காயில் குளவி வளரும், இன்னொரு மரத்துக் காயில் விதை வளரும்.

இப்படி ஒருவரையே நம்பியிருப்பது ஆபத்தில்லையா? ஆபத்துதான். ஆனால் அதே கட்டுப்பாடுதான் இனங்களைப் பிரித்துவைத்தது. உலகில் அத்திப் பேரினத்தில் 750க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. குளவி மாறினால் மகரந்தம் கலக்காது, கலக்காவிட்டால் தனி இனம். வீட்டு வாசலில் நிற்கும் காசித்தும்பையைப் பாருங்கள். தேன் வைத்த வால் பூவின் பின்னால் நீண்டிருக்கும், காய் தொட்டால் வெடிக்கும். அந்தப் பேரினத்தில் 1000க்கும் மேற்பட்ட இனங்கள். அதன் குடும்பத்தில் மிச்சமுள்ள மற்றொரு பேரினம் நீரில் வளரும் ஹைட்ரோசெரா, அதன் காய் வெடிக்காது. அதில் இனம் ஒன்றே ஒன்று. வெடிக்கும் காய் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒரு குடும்பத்துக்குள் ஒன்றுக்கு ஆயிரம் என்ற வித்தியாசம் யோசிக்க வைக்கிறது.

விதையைச் சுமக்கிறவர்களை நெய்வேலி மண்மேட்டில்தான் நன்றாகப் பார்க்கலாம். 1956ல் என்.எல்.சி. சுரங்க நிறுவனம் தொடங்கியதிலிருந்து பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை வெட்டி வெட்டிக் குவித்திருக்கிறார்கள். அந்த மண் ஆழத்திலிருந்து வந்தது. அதில் மக்கு கிடையாது, மண்புழு கிடையாது, பழைய விதையும் கிடையாது. எங்கள் கன்றுகள் அங்கே வேர் பிடித்துச் சற்று உயர்ந்ததும் கொண்டைக்குருவியும் மைனாவும் காக்கையும் வந்து உட்காரும். பிறகு நாம் நடாத வேம்பு, நாவல், ஆல் அந்தக் கிளைகளின் கீழே முளைத்திருக்கும். உண்ணிச்செடியும் கூடவே வரும். பறவை பேதம் பார்க்காது. முதலில் பறவை உட்காரும் மரத்தை வை, மிச்சத்தை அது கொண்டுவரும் என்பதை அந்த மேடுகளில்தான் கற்றேன். ஆனால் பறவையால் கொண்டுவர முடிந்ததைத்தான் கொண்டுவரும். பக்கத்தில் தாய்க்காடு இல்லையென்றால் வீரையும் பாலையும் மேட்டுக்குத் தாமாக ஏறாது. அவற்றுக்கு நாங்கள்தான் கால்.

காத்திருக்க முடியாத விதை

நெய்வேலியின் அந்த மேட்டு மண் எங்கிருந்து வந்தது? கடலூர் மணற்கல் என்று புவியியலில் பெயர் வாங்கிய படிவம் அது. அதே படிவத்தில்தான், விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. 1781ல் சொனெரா என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பற்றி எழுதினார். வயது சுமார் 2 கோடி ஆண்டு என்று அங்கே சொல்கிறார்கள். நான் போய்த் தடவிப் பார்த்திருக்கிறேன், ஆண்டு வளையம் தெரிகிறது. அந்தக் கல்மரங்களில் குங்கிலியக் குடும்பத்து மரங்களும் உண்டு. இன்று அந்தக் குடும்பத்தின் பெரிய காடுகளைப் பார்க்க மேற்குத் தொடர்ச்சி மலைக்கோ, மலேசியாவுக்கோ, போர்னியோவுக்கோ போக வேண்டும்.

மழை குறைந்ததும் பருவம் மாறியதும்தான் அவை இங்கிருந்து போனதற்கு மூலகாரணம். ஆனால் அவற்றின் விதையைக் கையில் எடுத்தவர்களுக்கு இன்னொன்றும் புரியும். இறகு வைத்த அந்தக் காய் சுழன்று விழும், தாய்மரத்தை விட்டு வெகுதூரம் போகாது. விழுந்த சில நாளில் முளைத்தாக வேண்டும். உலர்ந்தால் செத்தது. பஞ்சத்தை மண்ணுக்குள் உறங்கிக் கழிக்கும் வித்தை அதற்குக் கிடையாது. மழை தவறிய நாட்டில் அப்படிப்பட்ட விதை எத்தனை தலைமுறை தாங்கும்?

எங்கள் நாற்றங்காலில் நாங்கள் தினமும் ஓடுவது இந்தக் காரணத்தால்தான். வேப்பங்கொட்டை சில வாரத்தில் முளைப்புத் திறனை இழக்கும். நாவல் கொட்டையையும் பலாக் கொட்டையையும் பழத்திலிருந்து எடுத்த கையோடு ஊன்ற வேண்டும். காயவைத்து மூட்டை கட்டினால் வீண். சீமைக்கருவேல விதையோ ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்து, ஆட்டின் வயிற்றில் பயணம் செய்து, ஒரு தூறலுக்கே எழும். எது பரவும், எது ஒடுங்கும் என்பதை விதையே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

நாவல், பலா போன்றவை விதை வங்கியில் உறையவைத்துக் காப்பாற்ற முடியாத இனங்கள். இவற்றுக்கு விதை வங்கி என்றால் உயிரோடு நிற்கும் காடுதான். ஆரோவில்லில் இந்தக் கடற்கரைக் காட்டினங்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கொண்டுவந்து வளர்த்துவிட்டிருக்கிறார்கள், 1968ல் பொட்டலாகக் கிடந்த செம்மண் மேட்டில். செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் அந்த வேலைக்கும் விதை கொடுத்தவை பழைய கோயில் காடுகள்தான்.

எங்கள் இடத்தில் இன்று சில வழக்கங்களை விடாமல் கடைப்பிடிக்கிறோம். ஒரு காட்டினத்துக்கு விதை எடுப்பதென்றால் ஒரே மரத்தடியில் சாக்கை நிரப்புவதில்லை; தள்ளித் தள்ளி நிற்கும் பல தாய்மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலக்கிறோம். ஒற்றைத் தாயின் பிள்ளைகள் ஒரே காடாக நின்றால் அடுத்த தலைமுறையில் உறவுக்குள் உறவு, விதை சோடை போகும். எந்தக் காட்டிலும் பழத்தை முழுக்க வழித்தெடுப்பதில்லை, பறவைக்கும் அணிலுக்கும் பங்கு விட்டுத்தான் பொறுக்குகிறோம். வீரை, கருங்காலி போன்றவற்றைக் கேட்டால் ஒன்றிரண்டு விற்க மறுத்துக் கூட்டமாகத்தான் கொடுக்கிறோம், பக்கத்துப் பக்கத்தில் நடச் சொல்கிறோம். பையின் மேல் ஊர்ப் பெயரோடு, விதை எந்தக் காட்டிலிருந்து வந்தது என்றும் எழுதுகிறோம். இதனால் வேலை கூடும், விலையும் கொஞ்சம் கூடும்.

மரம் நடும் ஆர்வம் இன்று நாட்டில் நிறைய இருக்கிறது. பிறந்தநாளுக்கு நடுகிறார்கள், விழாவில் நடுகிறார்கள், லட்சம் கன்று என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்த ஆர்வத்தைக் கும்பிடுகிறேன். கூடவே ஒரு வேண்டுகோள். கன்று வாங்கும்போது விலையோடு சேர்த்து மூன்று கேள்வி கேளுங்கள். இதன் விதை எத்தனை தாய்மரத்திலிருந்து வந்தது? இதில் ஆண் பெண் தனித்தனியா? இதன் பழத்தைச் சுமக்கப் பறவை இந்தப் பக்கம் இருக்கிறதா? பதில் சொல்லத் தெரியாத நாற்றங்கால்காரர் அடுத்த ஆண்டு தெரிந்துகொண்டு சொல்வார், கேட்கிறவர் இருந்தால். உங்கள் ஊர்க் கோயிலுக்குப் பின்னால் ஒரு துண்டுக் காடு இருந்தால், காய்க்காத மரம் என்று எதையும் வெட்ட விடாதீர்கள்.